கல்லும் மரமும் பித்தளையும் சேர்ந்த சமையலறை: ஒரு மாடுலர் கிச்சன் நிறுவனத்தின் வேலை பற்றி

சென்னையில் வீட்டுக்கு வந்து அளவெடுத்து மாடுலர் கிச்சன் செய்து தரும் நடுத்தர நிறுவனம் ஒன்றிடம் எங்கள் திருவான்மியூர் வீட்டின் சமையலறை வேலையை ஒப்படைத்திருந்தோம். குறைகளையும் எழுதப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே பாணியில் வேலை செய்பவர்கள் நகரில் ஏராளமாக இருப்பதால், இங்கே சொல்வதில் பெரும்பகுதி மற்றவர்களுக்கும் பொருந்தும். இரண்டு மழைக்காலங்களையும் நடுவே ஒரு கடுங்கோடையையும் இந்தச் சமையலறை பார்த்துவிட்டது. ஆகவே புதுப் பொலிவில் மயங்கி எழுதும் நிலையில் நான் இல்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்தப் பொருளை, எந்த மெருகில், எங்கே வைப்பது என்று தீர்மானிப்பதில் இவர்கள் தேர்ந்தவர்கள், அந்தப் பொருள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் மட்டும் வேலை இரண்டாம் தரமாக அமைந்தது. அதற்குக் காரணம் ஆட்களின் கைத்திறன் அன்று, நிறுவனம் வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் முறை என்பது பின்னால்தான் புரிந்தது.

வடிவமைப்பாளராக வந்த பெண் முதல் சந்திப்பில் நிறங்களைப் பற்றிப் பேசவே இல்லை. சோறு வடிப்பீர்களா குக்கரில் வைப்பீர்களா, மாவு வீட்டில் அரைப்பீர்களா, மீன் கழுவுவது எந்தப் பக்கம், வேலைக்கு வருபவர் பாத்திரத்தை எங்கே கவிழ்ப்பார் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். அத்தை இன்னும் வெண்கலப் பானையில் பொங்கி, கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி வடிப்பவர் என்று தெரிந்ததும், சிங்க்கை ஒட்டிய பகுதிக்கு மரச் சாயல் தரும் எந்தப் பொருளும் வேண்டாம் என்று அங்கேயே அடித்துவிட்டார். சமையலறையை ஈரப் பகுதி, அனல் பகுதி, உலர் பகுதி என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தாங்கக்கூடிய பொருளை முதலில் முடிவு செய்து, அதற்குப் பிறகே அழகைப் பற்றிப் பேசுவது அவருடைய முறை. கடைக்குப் போய் ஒரு மாதிரிச் சமையலறையைக் காட்டி ‘இதே மாதிரி வேண்டும்’ என்று கேட்பவர்களுக்கு இது சலிப்பூட்டக்கூடும். எனக்கு இந்த நிறுவனத்தின் மேல் நம்பிக்கை வந்தது இந்தக் கேள்விகளால்தான்.

மாதிரித் துண்டுகளை வீட்டுக்கே கொடுத்தனுப்பியது இன்னொரு நல்ல பழக்கம். கதவுப் பலகை மேல் ஒட்டும் லேமினேட், அக்ரிலிக், மேடைக்கான குவார்ட்ஸ், கிரானைட் என்று கைப்பிடி அளவுத் துண்டுகள் ஒரு பையில் வந்தன. அவற்றின் மேல் மஞ்சள்தூளை நல்லெண்ணெயில் குழைத்து ஒரு பொட்டும், புளிக் கரைசலில் ஒரு பொட்டும் வைத்து, மறுநாள் காலையில் துடைத்துப் பார்த்தோம். வெள்ளைக் குவார்ட்ஸில் மஞ்சள் கறை மெலிதாக நின்றது. சன்னல் வெயிலில் வைத்தபோது அது மங்கி மறைந்தது, மஞ்சளின் நிறமி சூரிய ஒளியில் சிதைவது இயல்பு. ஆனால் சமையல் மேடையைத் தூக்கி வெயிலில் காயவைக்க முடியாது என்பதால் அந்தத் தேர்வு அங்கேயே முடிந்தது.

வெள்ளையைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேல் அலமாரிக்கு அக்ரிலிக்கில் வெள்ளை, கீழ் அலமாரிக்கு லேமினேட்டில் வெள்ளை, சுவருக்கு வெள்ளை டைல்ஸ் என்று கேட்பவர்கள் அதிகம். மூன்றும் வெள்ளைதான், மூன்றும் ஒன்றாகச் சேராது. ஒன்றில் நீலச் சாயை, ஒன்றில் மஞ்சள் சாயை, ஒன்றில் சாம்பல். கடையின் விளக்கில் ஒன்றுபோலத் தெரிந்தவை வீட்டுச் சன்னல் வெளிச்சத்தில் பிரிந்து தெரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்றில் ஒன்று எப்போதும் அழுக்காகத் தோன்றும். எங்கள் வடிவமைப்பாளரின் விதி எளிமையானது: பொருள் மாறுகிறது என்றால் நிறமும் தெளிவாக மாற வேண்டும், ஏறக்குறைய ஒத்துப்போகும் நிறம் கூடவே கூடாது. அதன்படி கீழே ஆழ்ந்த பச்சை மேட் லேமினேட், உயர அலமாரியில் வெண்ணெய் நிற அக்ரிலிக், மேலே அலுமினியச் சட்டமிட்ட வரிக் கண்ணாடி, மேடைக்குக் கறுப்புக் கல், ஓரத்தில் ஒரு தேக்குப் பலகை என்று அமைந்தது. படத்தில் பார்த்தபோது கதம்பமாக இருக்குமோ என்று தயங்கினேன். கட்டி முடித்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

மேடைக் கல்லில்தான் இவர்களுடைய அனுபவம் நன்றாக வெளிப்பட்டது. குவார்ட்ஸ் என்று விற்கப்படுவது அரைத்த குவார்ட்ஸ் கல்லைப் பிசினில் கலந்து அழுத்திச் செய்யும் பலகை. கல் எவ்வளவு கடினமாக இருந்தாலும் நடுவில் இருக்கும் பிசின் சுமார் 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் நிறம் மாறவும் வெடிக்கவும் கூடும். தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கி நேராக மேடையில் வைக்கும் வீட்டுக்கு அது ஒத்துவராது. (இந்தப் பலகைகளை அறுக்கும்போது பறக்கும் தூசியால் தொழிலாளர்களின் நுரையீரல் கெடுகிறது என்பதற்காகவே ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் இவற்றைத் தடை செய்துவிட்டது. நம் ஊரில் கல் அறுக்கும் இடங்களில் முகத்துக்கு ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்கும்போது இந்தச் செய்தி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.) மார்பிள் புளிக்கும் எலுமிச்சைக்கும் ஆகாது என்பது அனைவருக்கும் தெரிந்ததே.

ஆகவே கறுப்புக் கிரானைட். கடைகளில் கறுப்புக் கிரானைட் என்று சொல்லப்படும் கற்கள் பெரும்பாலும் புவியியல் கணக்கில் கிரானைட்டே அல்ல, கேப்ரோ, டோலரைட் வகைப் பாறைகள். வெளிர்நிறக் கிரானைட்டுகளைவிட நெருக்கமான கட்டமைப்பு உள்ளவை என்பதால் எண்ணெயை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. சந்தையில் சாம்பல் கல்லுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. எங்களுடன் கல் பார்க்க வந்த மேற்பார்வையாளர் அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் பலகையின் மூலையைத் தேய்த்துக் காட்டியபோது முதல் கடையில் துணி கறுத்தது. அந்தக் கடையைவிட்டு எதுவும் பேசாமல் வெளியே வந்துவிட்டோம்.

இந்தக் கல்லை இரண்டு மெருகில் போடலாம் என்று அவர்கள் சொன்ன யோசனை மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்தது. லெதர் பினிஷ் என்பது கல்லின் மேற்பரப்பைத் தூரிகை கொண்டு தேய்த்து, பளபளப்பை நீக்கி, கைக்கு மெல்லிய மேடுபள்ளம் தட்டும்படி விடுவது. அதில் கைரேகை தெரியாது, உப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் திட்டும் சட்டென்று கண்ணில் படாது. பளபளப்பான கறுப்புக் கல்லை வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் அந்த மேடுபள்ளத்தில் சப்பாத்தி மாவு அப்பிக்கொள்ளும், சிந்திய இட்லி மாவு காய்ந்தால் நகத்தால் சுரண்ட வேண்டும். எனவே சிங்க்கிலிருந்து அடுப்பு வரை லெதர் பினிஷ், அடுப்புக்கு வலப்பக்கம் மாவு பிசையும் இடத்துக்கு மட்டும் அதே கல்லில் பளபளப்பு மெருகு. ஒரே பலகையிலிருந்து அறுத்த இரண்டு துண்டுகளாதலால் நிறம் விலகவில்லை. வெளிச்சம் படும் விதம் மட்டுமே மாறுகிறது. கூடுதல் செலவு என்று பார்த்தால் ஒரு கூடுதல் இணைப்புக்கான கூலி மட்டும்.

கிரைண்டர் வைக்கும் கீழ்த்தட்டில் பிளைவுட்டுக்குப் பதிலாகக் கடப்பைக் கல் பலகையைப் பதித்தார்கள். கோயம்புத்தூர் கிரைண்டர் ஓடும்போது தரும் அதிர்வும், கழுவும்போது வழியும் தண்ணீரும் மரப்பலகையைச் சில வருடங்களில் தொய்வாக்கிவிடும். கடப்பை சுண்ணாம்புக் கல் என்பதால் புளிபட்டால் சொரசொரப்பாகும். மேடைக்கு அது சரிப்படாமல் போவதும், தட்டுக்கு இன்றும் நன்றாகப் பயன்படுவதும் அதனால்தான். நம் வீடுகளில் இருந்த பழைய சமையலறைத் தட்டுகள் எல்லாம் கடப்பைதான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு மாடுலர் போடும் காலத்தில், மாடுலருக்குள் மறுபடி கடப்பையைக் கொண்டுவந்து வைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் கலப்பு இருக்கிறது. பெட்டிகள் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட், அதாவது ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை; கதவுகள், அதாவது ஷட்டர்கள், மரநாரை அடர்த்தியாக அழுத்தி ஈரம் தாங்கும்படி செய்த எச்.டி.எச்.எம்.ஆர். பலகை. எல்லாவற்றையும் பிளைவுட்டிலேயே செய்தால் உசத்தி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். திருகாணியைப் பிடித்துக்கொள்வதிலும் ஈரம் தாங்குவதிலும் பிளைவுட் சிறந்தது. ஆனால் உயரமான ஒற்றைக் கதவாக நிற்கும்போது வளைந்துவிடும் வாய்ப்பு அதற்கு அதிகம், மேற்பரப்பும் கண்ணாடிபோல் சமமாக இராது. அக்ரிலிக் ஒட்டினால் அந்த அலைவு அத்தனையும் பளபளப்பில் தெரியும். இதைக் கேட்காமலேயே விளக்கியதோடு, லேமினேட் ஒட்டுவதற்கு முன் முத்திரையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள் என்று தொழிற்சாலைக்கு அழைத்தும் காட்டினார்கள். பி.வி.சி. தாளைச் சூட்டில் இளக்கி ஒட்டும் மெம்பரேன் ஷட்டர் போடலாமா என்று நான் கேட்டபோது, அடுப்புக்குப் பக்கத்தில் ஓரம் பிரிந்துகொண்டு வரும் என்று சொல்லி அவர்களே மறுத்தார்கள்.

அக்ரிலிக்கை அடுப்பிலிருந்து தள்ளி, ஃபிரிட்ஜ் பக்கத்து உயர அலமாரிக்கு மட்டும் ஒதுக்கியது சரியான முடிவு. தாளிப்புப் புகை படிந்த அக்ரிலிக்கைத் துடைக்கப் பாத்திர நாரை எடுத்தால் அன்றோடு அதன் பளபளப்பு போய்விடும். இத்தனை காலத்தில் அந்த அலமாரியில் மெல்லிய கீறல்கள் சில விழுந்திருக்கின்றன, பக்கவாட்டு வெளிச்சத்தில் மட்டும் தெரிகின்றன. மேட் லேமினேட்டில் எதுவும் இல்லை.

அடுப்புக்குப் பின்சுவரில் ஆத்தங்குடி ஓடு பதிக்க வேண்டும் என்று கேட்டது நான். சிமென்டில் வண்ணம் கலந்து கண்ணாடிப் பலகையின் மேல் வார்த்துச் செய்யும் ஓடு அது. செட்டிநாட்டு வீடுகளின் தரையில் எண்ணெய் தேய்த்து, நடக்க நடக்க மெருகேறும். அந்த எண்ணெய் உறிஞ்சும் குணமே அடுப்புச் சுவரில் அதற்கு எமனாகும் என்பதால், எதிர்ப்புறம் காலை உணவு மேசைச் சுவருக்கு அதை மாற்றி, அடுப்புக்குப் பின்னால் கறுப்புக் கல்லையே உயர்த்திவிட்டார்கள். கைப்பிடிகள், விளக்குகள் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வேலை செய்கின்றன.

இனி குறைகள். காலை உணவு மேசைக்காக மேடையின் முனையில் கல்லை ஒட்டித் தேக்குப் பலகை ஒன்று நீள்கிறது. கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே விரல்நகம் அகலத்தில் ஒரு பித்தளைப் பட்டை. வரைபடத்தில் இதுதான் எல்லோருடைய கண்ணையும் கவர்ந்த இடம். மரம் ஈரக் காற்றில் உப்பும், உலர் காற்றில் சுருங்கும். இழைக்குக் குறுக்காக அந்த அசைவு அதிகம். கல் அசையாது. இரண்டையும் அசைய விடாமல் இறுகும் எபாக்சி பசையால் ஒட்டியிருந்ததால், முதல் கோடையிலேயே இணைப்பு நெடுக மயிரிழை அகலத்தில் வெடித்து, அதற்குள் காப்பித்தூளும் ரவையும் போய் உட்கார்ந்துகொண்டன. புகார் செய்ததும் ஒருவர் வந்து கீறி எடுத்துவிட்டு சிலிக்கான் அடைத்துப் போனார். அடுத்த சில வாரங்களில் பித்தளையின் விளிம்பு முழுவதும் பச்சைக் கோடு பிடித்தது.

மேற்பார்வையாளர் வந்து பார்த்து, “கடல் காத்து மேடம், பித்தளைன்னா இப்படித்தான்” என்றார். அதே பித்தளையில் செய்த கைப்பிடிகள் ஏன் பச்சை பிடிக்கவில்லை என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கல் பதித்த பெரியவரைத் தனியாக வரவழைத்தபோது அவர் பாதி காலியான சிலிக்கான் குழாயை எடுத்து நீட்டினார். “மூக்குல வச்சுப் பாருங்கம்மா. புளிச்ச காடி வாசனை வருதுல்ல? இது கண்ணாடிக்கு அடிக்கிறது. பித்தளைக்கும் கல்லுக்கும் இதைத் தொடவே கூடாது.” அவர் சொன்னது உண்மை. மலிவான சிலிக்கான் வகை உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும், அது பித்தளையையும் செம்பையும் அரிக்கும். இத்தகைய இடத்துக்கு அந்த அமிலம் வெளிவிடாத நியூட்ரல் வகையைத்தான் பயன்படுத்த வேண்டும். குழாய் ஒன்றுக்கு விலை வித்தியாசம் ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்குள் அடங்கிவிடும். பிறகு பட்டையைக் கழற்றி, மெருகேற்றி, மரத்தின் பக்கம் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, நியூட்ரல் சிலிக்கானால் அடைத்தார்கள். அதற்குப் பின் அந்த இணைப்பில் ஒரு தொல்லையும் இல்லை.

இரண்டாவது இடம், லேமினேட் கதவும் அக்ரிலிக் கதவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மூலை. இரண்டின் பலகையும் ஒரே கனம் என்றாலும், மேலே ஒட்டும் தாளின் கனம் வேறு என்பதால் முகப்பு ஒரே நேர்கோட்டில் அமையவில்லை. விரலை ஓட்டினால் ஒரு படி தட்டியது. கீலில் கதவை உள்ளும் வெளியும் நகர்த்தும் திருகு ஒன்று உண்டு, அதைச் சரிசெய்ததும் படி மறைந்துவிட்டது. செய்யத் தெரியாமல் இல்லை, நான் சுட்டிக்காட்டும்வரை யாரும் விரலை ஓட்டிப் பார்க்கவில்லை. மூன்றாவது, சுவரோரம் மிச்சமாகும் இடைவெளியை மூடப் போடும் குறுகிய பலகை. நம் வீட்டுச் சுவர்கள் எவையும் தூக்குநூலுக்கு நேராக நிற்பதில்லை ஆதலால், அந்தப் பலகையை வீட்டிலேயே அறுத்து, வெட்டிய விளிம்பை மூடும் பட்டையான எட்ஜ் பேண்டைக் கையால்தான் ஒட்டுகிறார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் ஒட்டிய எட்ஜ் பேண்ட் ஒன்றுகூடப் பிரியவில்லை. கையால் ஒட்டியது முதல் மழைக்காலத்திலேயே நுனியில் வாயைத் திறந்தது. நான்காவது, சிங்க்குக்கு அடியில் உள்ள பெட்டி. உள்ளே அலுமினியத் தகடு பதித்து, 304 ரகத் துருப்பிடிக்காத எஃகில் கூடை கொடுத்தவர்கள், கீலுக்கு மட்டும் சாதாரண நிக்கல் பூச்சுள்ளதைப் போட்டிருக்கிறார்கள். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீட்டில், வீட்டிலேயே மிக ஈரமான பெட்டிக்குள், அது புள்ளி புள்ளியாகத் துரு பிடித்ததில் வியப்பில்லை.

இந்த நான்கையும் வரிசையாகப் பார்த்தபோதுதான் நோய் எங்கே என்று தெரிந்தது. கல் வேலை ஒரு குழுவுக்கு, தச்சு வேலை ஒரு குழுவுக்கு, கண்ணாடியும் அலுமினியமும் வெளியார் ஒருவருக்கு, சிலிக்கான் அடைப்பது கடைசி நாளில் யார் மிச்சம் இருக்கிறாரோ அவருக்கு. கல் பதிப்பவரைக் கேட்டால் மரம் அசைகிறது என்பார், தச்சரைக் கேட்டால் கல் சாய்வு என்பார். உத்தரவாதச் சீட்டும் இதே பிரிவினையைப் பின்பற்றுகிறது: பிளைவுட்டுக்கு இத்தனை வருடம், லேமினேட்டுக்கு இத்தனை, கீல்களுக்கு அதைச் செய்யும் நிறுவனத்தின் உத்தரவாதம், கல்லுக்கு எதுவும் இல்லை. இரண்டு பொருள்கள் சேரும் கோட்டுக்கு அதில் ஒரு வரியும் கிடையாது. ஒரே பொருளில், ஒரே மெருகில் செய்த சமையலறையில் இந்தக் குறை வெளியே வராமலே போய்விடும். ஐந்தாறு பொருள்களைக் கலக்கும் வேலையை விற்கும் நிறுவனத்துக்கு இதுவே பெரிய ஓட்டை.

விலையைப் பற்றி: முகப்புப் பரப்பைச் சதுர அடிக் கணக்கில் சொல்கிறார்கள், அக்ரிலிக் வரும் பகுதிக்கு லேமினேட்டைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கூடைகள், இழுப்பறைகள், கல், 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆகியவை அந்தக் கணக்கில் சேராமல் தனித்தனியே வருவதால், முதலில் சொன்ன தொகைக்கும் கடைசியில் கொடுத்த தொகைக்கும் கணிசமான தூரம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கூடுதலையும் எழுத்தில் கேட்டு ஒப்புதல் வாங்கிய பிறகே செய்தார்கள். சொன்ன தேதிக்கு முடிக்கவில்லை; கல் தாமதமானதைக் காரணமாகச் சொன்னார்கள், ஏற்றுக்கொள்ளக்கூடியதாகவே இருந்தது.

மறுபடியும் செய்வதாக இருந்தால் இதே நிறுவனத்திடம், இதே வடிவமைப்பாளர் இருந்தால் மட்டும் போவேன். கல்லில் இரண்டு மெருகு, கடப்பைத் தட்டு, பிளைவுட் பெட்டிக்கு எச்.டி.எச்.எம்.ஆர். கதவு ஆகிய மூன்றையும் அப்படியே கேட்பேன். ஒப்பந்தத்தில் மட்டும், கல்லும் மரமும் உலோகமும் சேரும் ஒவ்வோர் இணைப்பையும் வரைபடத்தில் குறித்து, என்ன பசை, எவ்வளவு இடைவெளி, யார் பொறுப்பு என்று எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்க மாட்டேன். பார்வைக்காக மட்டும் பொருள்களைக் கலக்க நினைப்பவர்களுக்கு இவர்களைப் பரிந்துரைக்கவில்லை, அவர்களுக்கு இந்தக் கேள்விகளும் மறுப்புகளும் எரிச்சலூட்டும். அன்றாடம் மூன்று வேளையும் சமைக்கும் வீட்டுக்குத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். சிங்க்குக்கு அடியில் உள்ள துருப்பிடித்த கீல்களை எஃகுக் கீலாக மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டு, பாதி விலையை என்னிடம் வாங்கியும் விட்டார்கள். கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம் ஆள் வருவார் என்கிறார்கள், இதை எழுதும் வரை வரவில்லை.